தொப்புளுக்குக் கீழே ஆறு மாத விடுப்பு

அகுஸ்தேன் சூசைநாதன் எட்டு வருடமாகச் சைகோனின் கான் ஹொய் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எதை இறக்கியது, எப்போது கிளம்பியது என்று எழுதி வைப்பது அவர் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அங்கே இருந்த காரைக்கால்காரர்களில் அவரைவிட ஒழுங்கான மனிதர் கிடையாது என்று பெயர். அவரிடத்தில் ஒழுங்கில்லாதது அவருடைய வயிறு ஒன்றுதான்.

மூன்று வருடமாக அந்த வயிறு யார் பேச்சையும் கேட்பதில்லை. எதைச் சாப்பிட்டாலும் கால் மணி நேரத்தில் கடமுடா என்று புரளும். உடனே ஓடியாக வேண்டும். அலுவலகக் கழிப்பறை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அதன் சாவி தலைமை அதிகாரி முசியே லகார்த்தின் மேசை இழுப்பறையில் இருந்தது. சாவி வேண்டுபவர் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். லகார்த் அதை நிதானமாகப் படித்து, பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி, அதன் பிறகு இழுப்பறையைத் திறப்பார். அகுஸ்தேன் பிழையில்லாமல் பிரெஞ்சு எழுதக்கூடியவராக இருந்ததால் மட்டுமே அவர் மானம் இதுவரை தப்பியிருந்தது.

மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். புண் இல்லை, பூச்சி இல்லை, நரம்புக் கோளாறு என்றார்கள். ஆறு மாதம் ஊரில் போய் இருந்தால் சரியாகிவிடும் என்று எழுதியும் தந்தார்கள். அகுஸ்தேனுக்கும் அவர் மனைவி மாரி-ரோஸுக்கும் வேண்டியது அதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஊர் போனபோது மகள் எலெனைக் காரைக்கால் கன்னியர் மடத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார்கள். அப்போது அவளுக்கு ஆறு வயது. மாதம் ஒரு கடிதம் வரும். கடைசியாக வந்த கடிதத்தை அவள், ‘மரியாதைக்குரிய தகப்பனார் அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்தாள்.

“இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா ‘கனம் பொருந்திய ஐயா’ன்னு எழுதுவா பாருங்க” என்றாள் மாரி-ரோஸ். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

அகுஸ்தேன் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். லகார்த் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“சூசைநாதன், உங்கள் விண்ணப்பத்தை முழு மனிதாபிமானத்தோடு படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. மிகவும் வருந்தி மறுக்கிறேன்” என்றார். “புதிய ஆணை வந்திருக்கிறது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.”

அந்த ஆணைக்குக் காரணம் இதுதான். சைகோனைத் தலைநகராகக் கொண்ட கொச்சின்சீனாவில் இருந்த அரசு ஊழியர்களில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. அந்தப் பாதிப் பேரும் ஓய்வுக்காகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் குடியேற்ற நாட்டை ஆள ஆளிருக்காது, மக்கள் அதைக் கவனித்துவிடவும் கூடும் என்று மேலிடம் கவலைப்பட்டது. அந்த நேரத்தில் டாக்டர் பெல்வால் என்பவர் பிரான்சில் ஆறு வாரம் மனோவசியம் படித்துவிட்டு வந்து இறங்கினார். மனிதரைத் தூங்கவைத்து, தூக்கத்திலேயே குடலோடு பேசி, அதை வழிக்குக் கொண்டுவரலாம் என்றார். 1906ஆம் ஆண்டு மார்ச் மாதம், ‘அரசு ஊழியர் செரிமான உறுப்புகளை உறக்கவழியே அமைதிப்படுத்தும் தற்காலிக இலாகா’ உதயமானது. தமிழர்கள் அதைத் தூக்க ஆபீசு என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு எல்லா எழுத்தர்களும் போக வேண்டும் என்று உத்தரவு. டாக்டர் பெல்வால் மேடையேறினார். குரல் வெண்கலம்.

“கனவான்களே! வயிற்றுப்போக்கு நோய் அல்ல. அது கீழ்ப்படியாமை. வடக்கே தொங்கின் மாகாணத்தில் கலகக்காரர்களை நாம் எப்படி அமைதிப்படுத்தினோம்? உறுதியாக, பொறுமையாக, இருபது வருடமாக. இன்றும் அமைதிப்படுத்திக்கொண்டேதான் இருக்கிறோம். அதே வெற்றியைக் குடலிலும் அடைவோம் என்று வாக்களிக்கிறேன்!”

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. அகுஸ்தேன் அதற்குள் இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்தார்.

ஆணையின் நான்காம் பிரிவு, இலாகாவில் சிகிச்சை பெற்றுக் குணமானவருக்கு விடுப்பு தேவையில்லை என்றது. ஐந்தாம் பிரிவு, சிகிச்சை பெற்றும் குணமாகாதவர் வேண்டுமென்றே எதிர்க்கிறார் என்று கருதி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. ஆறாம் பிரிவு இருக்கிறதா என்று அகுஸ்தேன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மறுநாள் அவர் இலாகாவில் பதிவு செய்துகொள்ளப் போனார். பதிவாளர் முன்னால் இரண்டு பேரேடுகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

“வயிறு எந்த வகை?” என்று கேட்டார் பதிவாளர்.

“புரியவில்லை, முசியே.”

“ஐரோப்பிய வயிறா, சுதேசி வயிறா?”

அகுஸ்தேன் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து விரித்தார். அவருடைய தகப்பனார் காரைக்காலில் இந்தியப் பழக்கவழக்கச் சட்டத்தை விட்டு விலகி, தம்மையும் தம் வாரிசுகளையும் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுத்திக்கொண்டு எழுதிக் கொடுத்த பத்திரம். அதன்படி அகுஸ்தேன் பிரெஞ்சுக் குடிமகன். தேர்தலில் வாக்கு உண்டு. பதிவாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“திருமணம் இருக்கிறது. வாரிசுரிமை இருக்கிறது. தத்தெடுப்பு இருக்கிறது. செரிமானம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?”

“பழைய சோறும் கருவாடும்.”

“மதியம்?”

“ரொட்டி. கொஞ்சம் பாலாடைக்கட்டி.”

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். “சிக்கலான வழக்கு” என்றார். அவர் முகத்தில் அன்றுதான் வேலைக்கு வந்த பயன் தெரிந்தது போல ஒரு வெளிச்சம்.

ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். மூன்று வாரத்தில் ஐந்து கூட்டம் நடந்தது. இரண்டு கூட்டங்கள் தலைவரின் வயிறு காரணமாகப் பாதியில் கலைந்தன. கடைசியில் முத்திரையிட்ட தீர்மானம் வந்தது. எழுத்தர் சூசைநாதனின் உடல் தொப்புளுக்கு மேலே பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டது. தொப்புளுக்குக் கீழே, மாறாகச் சான்று கிடைக்கும்வரை, இந்தியப் பழக்கவழக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே மேல் பகுதிக்கு டாக்டர் பெல்வால் பிரெஞ்சில் சிகிச்சை தருவார். கீழ்ப் பகுதிக்கு அதே உரை, சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழில் தரப்படும்.

மாரி-ரோஸ் அதைக் கணவர் வாய்வழியாகக் கேட்டாள்.

“சரி, தொப்புள் எந்தப் பக்கமாம்?”

“அதுக்குத் தனியா ஒரு குழு போடுறாங்களாம்” என்றார் அகுஸ்தேன்.

முதல் அமர்வுக்குப் போனார். அறையில் ஒரு சாய்வு நாற்காலி, எதிரே குடியரசுத் தாயின் சுதைச் சிலை. நோயாளி அந்தச் சிலையின் மூக்கை இமைக்காமல் பார்க்க வேண்டும். டாக்டர் பெல்வால் அரசிதழில் அச்சான உரையைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

“குடிமகனே, உறங்கு! உறங்கும்படி ஆணையிடப்படுகிறாய்.” டிங்.

“உன் பெருங்குடல் உன்னுடையது அல்ல. அது குடியரசின் பொறுப்பில் இருக்கிறது.” டிங்.

“உத்தரவின்றி எதுவும் வெளியேறாது!” டிங்.

லகார்த்தின் மேசையிலும் இதே மணிதான். மூன்றாம் டிங்குக்கு அகுஸ்தேனின் வயிறு எழுந்துவிட்டது. இலாகாக் கட்டடத்தில் கழிப்பறை கட்டவில்லை. கட்டினால் சிகிச்சையில் நமக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்பது டாக்டரின் கொள்கை. அகுஸ்தேன் தெருவைக் கடந்து சீனர் தேநீர்க் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கொல்லைக் கதவைக் காட்டினார். அந்த மாதத்தில் அவர் நிறைய பேருக்குக் காட்டியிருந்தார்.

‘முதல் அமர்வு: நோயாளி மிகுந்த சுறுசுறுப்புடன் வெளியேறினார்’ என்று இலாகாக் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

இரண்டாம் அமர்வுக்குக் கீழ்ப் பகுதிக்கான மொழிபெயர்ப்பாளர் வந்தார். காதர் மைதீன். அவரும் காரைக்கால்காரர்தான். முப்பது வருடமாக நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர். மாட்டுத் திருட்டையும் மரண தண்டனையையும் ஒரே தணிந்த குரலில் சொல்லிப் பழகியவர்.

டாக்டர் தம் பங்கை வாசித்து முடித்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆகவே சன்னலோர நாற்காலியில் சாய்ந்து, இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனார். அன்றுவரை அந்த இலாகாவில் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

காதர் மைதீன் தாளை எடுத்தார். “மேற்படி பெருங்குடலானது குடியரசின் வசம் ஒப்படைக்கப்பட்டிருப்பதால்...” என்று தொடங்கி, நிறுத்தினார். அகுஸ்தேனின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை.

“அண்ணே, இத அப்படியே சொன்னா எனக்கே வயித்தக் கலக்குது” என்றார்.

“சொல்லிருங்க பாய். சொல்லாட்டா உங்களுக்கு வம்பு.”

“வம்பு கெடக்கட்டும். தீர்ப்பு வாசிக்க முந்தி வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளுங்கள நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். அவங்ககிட்ட ரெண்டு வார்த்த மெதுவாப் பேசுவேன். அவ்ளோதான் நமக்குத் தெரிஞ்ச வைத்தியம்.” மேசை மணியை எடுத்து, கைக்குட்டையால் சுற்றி, இழுப்பறையில் போட்டார். “அந்தச் செல மூக்க விடுங்க. கண்ண மூடிக்குங்க. கைய வயித்து மேல வைங்க, அதட்டாம, சும்மா. மூச்சு வந்து போறது தெரியுதா?”

“தெரியுது.”

“யாரும் மணி அடிக்கல. லகார்த் இங்க இல்ல. சாவி உங்க சட்டப் பையிலயே இருக்கு. யாரும் எழுதிக் கேக்கல. போகணும்னு தோணுனா எந்திரிச்சுப் போயிட்டு வரலாம், கதவு தொறந்துதான் இருக்கு. இப்பப் போகணுமா?”

அகுஸ்தேன் யோசித்துப் பார்த்தார். “இப்ப வேணாம்” என்றார்.

“வேணாம்னா இருங்க. அவசரமில்ல. வயிறு அது பாட்டுக்கு அது வேலையப் பாக்கட்டும். சாயங்கால ஆத்துத் தண்ணி மாதிரி மெதுவாப் போவட்டும்...”

குரல் எங்கோ போய்க்கொண்டே இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று அகுஸ்தேனுக்குப் பிறகு சொல்லத் தெரியவில்லை. வயிற்றுக்குள் மூன்று வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கை விரல்களைத் தளர்த்தியது போல இருந்தது என்று மட்டும் மாரி-ரோஸிடம் சொன்னார்.

வாரம் இரண்டு முறை இப்படி நடந்தது. டாக்டர் வாசிப்பார், தூங்குவார். காதர் மைதீன் பேசுவார். வீட்டிலும் காலையில் கண்ணை மூடி, கையை வயிற்றின் மேல் வைத்து, பாயின் சொற்களைத் தாமே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார் அகுஸ்தேன். ஓட்டம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. நாளுக்கு ஐந்து முறை மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. ஆறாம் அமர்வுக்குப் பிறகு ஒன்பது நாள் தொடர்ந்து அவர் சாவி கேட்கவில்லை.

லகார்த் அவரைக் கூப்பிட்டார். “சூசைநாதன், உங்கள் விண்ணப்பங்களே வருவதில்லை. உடம்பு சரியில்லையா?”

சந்தோஷத்தில் அகுஸ்தேன் வாயை விட்டுவிட்டார். “குணமாகிவிட்டது, முசியே!”

அன்று மாலையே நான்காம் பிரிவின்படி விடுப்பு விண்ணப்பம் ரத்தாயிற்று. அவர் இலாகாவின் முதல் வெற்றி என்று அறிவிக்கப்பட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மாரி-ரோஸ் கையிலிருந்த அகப்பையை அடுப்பு மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க வயிறு நல்லாயிருச்சுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தவா, புள்ளயப் பாக்க முடியாதுன்னு அழவா? எதச் செய்யறதுன்னு அந்தக் குழுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க.”

அகுஸ்தேன் வயிற்றைத் திரும்பக் கெடுத்துக்கொள்ள முடிவு செய்தார். கான் ஹொய் படகுத்துறையில் விற்கிற நத்தையைத் தின்றார். மாம் தோம் என்கிற புளித்த இறால் விழுதைப் பச்சை மாங்காயில் தொட்டுத் தின்றார். அதன் மேல் கரும்புச் சாறு குடித்தார். கூலியாட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நம்பிக்கையோடு காத்திருந்தார். ஒரு சின்ன ஏப்பம் வந்தது. அவ்வளவுதான். அந்த வயிறு அரசாங்கத்தோடு சேர்ந்துவிட்டது.

காதர் மைதீன் வீட்டுக்கே போய்க் கேட்டார். “பாய், நீங்க சொன்னதத் திருப்பிச் சொல்லி, பழையபடி ஆக்கி விட்டுருங்களேன்.”

“அந்தப் பாவம் எனக்கு வேணாண்ணே” என்றார் காதர் மைதீன். “அதுக்குத்தான் லகார்த் இருக்கானே.”

அடுத்த மாதம் பாரிசிலிருந்து ஒரு தலைமை ஆய்வாளர் வந்தார். இலாகா பெயரிலிருந்து ‘தற்காலிக’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று பார்ப்பதற்கு. மண்டபத்தில் பெரிய விருந்து வைத்தார்கள். வாத்து, இறால், ஆட்டுக்கால், நான்கு வகை ஒயின். விருந்து முடிந்ததும் நேரடி விளக்கம். முன்வரிசையில் அதிகாரிகள் அத்தனை பேரும் வயிற்றின் மேல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளரின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. மாரி-ரோஸ் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் பெல்வால் பேசினார். “ஐயா, இதுவரை நூற்றுப் பதினான்கு பேருக்குச் சிகிச்சை தந்திருக்கிறோம். நூற்றுப் பதின்மூன்று பேர் ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கிறார்கள். ஒருவர் குணமாகிவிட்டார். வெற்றி நூற்றுக்கு நூறு. ஏனென்றால் மற்றவர்கள் நோயாளிகள் அல்ல, எதிரிகள்! என்னுடைய சொந்த வயிற்றைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். நான் வருடா வருடம் வயிற்றுக்காகப் பிரான்சின் விஷி ஊற்றுத் தண்ணீருக்குப் போவது உண்மைதான். ஐரோப்பிய அதிகாரியின் வயிறு நுட்பமானது. அதை யாரும் தூங்கவைத்துவிடக் கூடாது.”

“மிகச் சரி” என்றார் ஆய்வாளர், இடுப்புவாரை ஒரு துளை தளர்த்தியபடி.

அகுஸ்தேனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டர் வாசித்தார். பிறகு காதர் மைதீன் எழுந்தார். அப்போது ஆய்வாளர் கையை உயர்த்தினார். தமிழ் உரை அரசிதழில் உள்ளபடிதான் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லட்டும் என்றார்.

காதர் மைதீன் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். முப்பது வருடத்தில் ஒரு வார்த்தையைக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை, இந்த அறையைத் தவிர. சபையைப் பார்த்தார், அகுஸ்தேனைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். தாம் வழக்கமாகச் சொல்லிவந்ததைச் சுத்தமான பிரெஞ்சில் எடுத்துச் சொன்னார்.

“அண்ணனே, யாரும் மணி அடிக்கவில்லை. லகார்த் இங்கே இல்லை. சாவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது...”

லகார்த் துள்ளி எழுந்தார். “நான் இங்கே இல்லையா? அரசாங்கச் சாவியைத் தனியார் சட்டைப்பைக்கு மாற்ற இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?”

“இது என் உரை அல்ல!” என்று டாக்டர் கத்தினார். “அனுமதியில்லாமல் குணப்படுத்தியிருக்கிறார்!”

பதிவாளர் பிரிவுகளைப் புரட்டினார். அனுமதியற்ற உரையால் ஏற்பட்ட குணம் செல்லாது. குணம் செல்லாதென்றால் நோயாளி குணமாகவில்லை. குணமாகவில்லையென்றால் ஐந்தாம் பிரிவு. ஆனால் அப்படியானால் இலாகாவின் வெற்றி எண்ணிக்கை பூஜ்யம். மண்டபம் கசகசவென்று பேசத் தொடங்கியது. ஆய்வாளருக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒயினும் ஆட்டுக்காலும் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

“மனிதரே, நீர் குணமாகிவிட்டீரா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லும்!”

ஆம் என்றால் எலென் இல்லை. இல்லை என்றால் வேலை இல்லை. அகுஸ்தேனின் வயிற்றில் இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த அந்தக் கை மெல்ல விரலை மடக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வந்தது, போனது. அவசரமில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கை தளர்ந்தது. கண்ணைத் திறந்தபோது கடைசி வரிசையில் மாரி-ரோஸின் முகம் தெரிந்தது. அவர் எழுந்து நின்று, ஒரு பிழையும் இல்லாத பிரெஞ்சில் பேசினார்.

“முசியே, தொப்புளுக்கு மேலே குணமாகிவிட்டது. அங்கே டாக்டர் பெல்வால் அரசிதழ்ப்படி பிரெஞ்சில் சிகிச்சை தந்தார். தொப்புளுக்குக் கீழே தரப்பட்ட சிகிச்சை செல்லாது என்று இப்போதுதான் தெரிந்தது. ஆகவே அங்கே நான் சட்டப்படி நோயாளி. அது என் எதிர்ப்பு அல்ல, மொழிபெயர்ப்பின் குறை. அந்தப் பகுதி இந்தியப் பழக்கவழக்கச் சட்டத்துக்கு உட்பட்டது என்று குழு தீர்மானித்திருக்கிறது. அதன் மேல் அதிகாரமுள்ள டாக்டர் கொச்சின்சீனாவில் இல்லை. காரைக்காலில் இருப்பார்.”

பதிவாளரின் கண்கள் கலங்கிவிட்டன. இருபத்திரண்டு வருட வேலையில் இவ்வளவு அழகான விண்ணப்பத்தை அவர் கேட்டதில்லை.

குழு அங்கேயே கூடியது. எல்லோருக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. டாக்டருக்கு அரைக் குணம் கிடைத்தது, அதுவும் மேல் பாதி. பதிவாளருக்கு விதி பிழைத்தது. ஆய்வாளருக்குச் சீக்கிரம் எழுந்து போக வேண்டியிருந்தது. கால் மணியில் உத்தரவு எழுதி முடித்தார்கள். எழுத்தர் சூசைநாதனுக்குத் தொப்புளுக்குக் கீழே ஆறு மாத விடுப்பு. மேல் பகுதி தொடர்ந்து பணியில் இருக்கும்.

“மேல் பகுதி எங்கே இருக்க வேண்டும், முசியே?” என்று கேட்டார் அகுஸ்தேன்.

லகார்த் யோசித்தார். “கீழ்ப் பகுதிக்குக் காவலாக, பணி நிமித்தம் பயணம் செய்யட்டும். கண்ணில் படுகிற கப்பல்களை எழுதி வைக்கட்டும்.”

காதர் மைதீனுக்கு அனுமதியின்றி ஒரு குடலை அமைதிப்படுத்திய குற்றத்துக்காகக் கண்டனம். இலாகா வேலையிலிருந்து நீக்கம். வெளியே வந்தபோது அகுஸ்தேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாலதான் உங்களுக்கு இந்தத் தலகுனிவு, பாய்.”

“தலைக்கு ஒண்ணும் ஆகலண்ணே. போயி புள்ளயப் பாருங்க” என்றார் காதர் மைதீன்.

கப்பல் ஏறும் நாளில் பயணிகள் பட்டியல் பார்த்த அதிகாரி உத்தரவை மூன்று முறை படித்தார். இவரை நோயாளிகள் பகுதியில் எழுதுவதா, பணியில் இருப்பவர்கள் பகுதியில் எழுதுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது. மாரி-ரோஸ் கணவரின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

“எங்க வேணா எழுதிக்குங்க முசியே. நான் இவர முழுசா கூட்டிக்கிட்டுப் போறேன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள்.

கொழும்பில் கப்பல் மாறி, பாண்டிச்சேரி வந்து, காரைக்கால் சேர்ந்தார்கள். மடத்துக் கூடத்தில் எலென் வந்து நின்றாள். உயரமாக, ஒல்லியாக, கோயில் சுரூபம் போல. முழங்காலை லேசாக மடக்கி, “போன்ழூர், மொன் பேர்” என்று பிரெஞ்சில் தகப்பனாருக்கு வணக்கம் சொன்னாள். மாரி-ரோஸ் ஓடிப்போய் அணைத்தபோது ஒரு மரப்பெட்டி போல விறைப்பாக நின்றாள். வீடு எடுத்து அழைத்து வந்த பிறகும் அப்படியேதான். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பாடம் படிப்பாள். அப்பாவைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். அகுஸ்தேன் தினமும் ஆற்று முகத்துவாரத்துக்குப் போய், அங்கே வந்த கப்பல்களை எழுதுவார். ஒன்றும் வராத நாளில், ஒன்றும் வரவில்லை என்று எழுதுவார். மூன்று பேரும் விருந்தாளிகள் போல இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை சைகோனிலிருந்து இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. அகுஸ்தேன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். எலென் தானே படிப்பதாகச் சொல்லி, முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

முதல் கடிதம் அரசாங்கத்துடையது. மடத்துப் பிரெஞ்சில் அழுத்தம் திருத்தமாக வாசித்தாள். இலாகா நிரந்தரமாக்கப்பட்டது. டாக்டர் பெல்வால் பதக்கம் பெற்றார். இலாகாவின் ஒரே வெற்றி என்பதால் எழுத்தர் சூசைநாதனின் மேல் பகுதி இரண்டாம் நிலை எழுத்தராகப் பதவி உயர்வு பெறுகிறது. விடுப்பில் இருக்கும் கீழ்ப் பகுதி மூன்றாம் நிலையிலேயே நீடிக்கும். இரு பகுதிகளும் தனித்தனியே கையொப்பமிட்டு ஏற்பை அனுப்ப வேண்டும்.

எலென் நிறுத்தினாள். அந்த வரியை மறுபடியும் மனதுக்குள் படித்தாள். அப்பாவின் இடுப்பை ஒரு முறை பார்த்தாள். உதடு துடித்தது. அடக்கிக்கொண்டு இரண்டாம் கடிதத்தைப் பிரித்தாள். அது காதர் மைதீன் தமிழில் எழுதியது.

‘அண்ணே, நலம். உங்க லகார்த் தொரைக்கு இப்ப உங்க வியாதி வந்திருக்கு. தூக்க ஆபீசுக்குப் போக பயந்துகிட்டு, வாரம் ரெண்டு தடவ பின்வாசல் வழியா என் வீட்டுக்கு வர்றாரு. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்த தெரியாது. அதனால, படுக்க வச்சு, கண்ண மூடச் சொல்லி, முப்பது வருஷமா கோர்ட்டுல பேச முடியாததெல்லாம் எடுத்து, அவரு முப்பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுறேன். மெதுவா, தாலாட்டு மாதிரி. குடல் ரொம்ப நல்லாக் கேக்குதாம். கண்ணுல தண்ணியோட நன்றி சொல்லிட்டுப் போறாரு.’

எலென் ‘முப்பாட்டன்’ வரைக்கும்தான் ஒழுங்காகப் படித்தாள். பிறகு ஒரு தும்மல் போல ஏதோ வெடித்தது. கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டு, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அரசாங்கக் காகிதத்தைப் பார்த்து ஒருவர் சிரிக்கலாம் என்பது அகுஸ்தேனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவருக்கும் முதலில் மூக்கில் வந்தது. பிறகு தோளில் வந்தது. பிறகு நிற்க முடியாமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். எலென் அவர் தோளில் தலையை முட்டிக்கொண்டு, “அப்பா... அப்பா... கீழ்ப் பகுதி... எப்படிப்பா கையெழுத்துப் போடும்?” என்று திணறினாள்.

அடுப்படியிலிருந்து மாரி-ரோஸ் ஈரக் கையோடு ஓடி வந்தாள். தரையில் கிடக்கிற கணவரையும், அவர் பிடித்திருக்கிற இடத்தையும் பார்த்தாள்.

“என்னங்க? வயிறா? திரும்ப வந்துருச்சா?”

அகுஸ்தேன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆமாம், வயிறுதான், ரொம்ப வலிக்கிறது என்று கையாலேயே காட்டினார்.